நாலு நாள் ஓடிய படம்

‘தீர்மானம் எண் பதினேழு.’
ஐந்தாம் நாள் காலையில்
மார்த்தாண்டம் மேம்பாலத் தூணில்
அதன் சுவரொட்டிமேல் வேறொன்று ஒட்டியாயிற்று.
பசை பிடிக்காத மூலையில்
நீலத் தார்ப்பாய் மட்டும் இன்னும் தெரிகிறது.

“காசு போச்சு, எக்கி றோஸ்லெட்” என்றாய்.
“கதையும் இல்ல, சண்டையும் இல்ல,
ஒரு பஸ் ஸ்டாப்ப வச்சு ரெண்டு மணிக்கூறு உருட்டுதானுவ.”

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.
பேச்சு நம் பேச்சில்லை.
பேச்சிப்பாறையில் எடுத்துவிட்டு
எல்லோரையும் மதுரைக்காரர்களாகப் பேசவைத்திருக்கிறார்கள்.
கொட்டும் மழையில் ஒருவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறான்,
அதைப் பார்த்ததும் உன் அப்பா எழுந்துபோய்
சாயா குடித்துவிட்டுத்தான் வந்தார்.
இரண்டாம் பாதியில் அந்தப் பாட்டு
எதற்கென்று இயக்குநருக்கே தெரிந்திருக்காது.

ஆனாலும் ரெஜி,
நிழற்குடை கட்டி முடித்தாயிற்று.
யார் பெயரை வைப்பதென்று நாலு கட்சிக்கும் தகராறு.
பெயர் இல்லாமல் திறப்புவிழா இல்லை.
திறக்காததைத் திறந்து போடக்கூடாதென்று
தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டியிருக்கிறது.
மூன்று மழைக்காலம்
ஜனம் நிழற்குடைக்கு வெளியே
குடைபிடித்து நிற்கிறது.
இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிறாய்.
நீ தினமும் எங்கே நின்று பஸ் ஏறுகிறாய்?

அப்புறம் அந்த மீன்காரி.
படம் முழுக்க அவளுக்கு ஒரு வசனம் இல்லை.
மழை வலுத்ததும் கயிற்றை அறுக்கவில்லை, கத்தவில்லை,
தார்ப்பாயின் அடியைத் தூக்கி
கூடையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு
பின்னாலேயே தானும் நுழைகிறாள்.
ஒவ்வொருவராய் உள்ளே.
அந்த இருட்டில்தான்
ஒன்பது வருஷம் பேசாத இரண்டு கவுன்சிலர்கள்
ஒருவரையொருவர் இருமலை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்.
திரையில் கறுப்பு மட்டும்.
மழைச்சத்தம். ஒரு இருமல்.
கொஞ்சம் பொறுத்து, பதிலுக்கு ஒரு இருமல்.

அரங்கில் இருந்த பதினோரு பேரில்
ஒரே ஒருவர்தான் சிரித்தார், பின்வரிசையில்.
வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன்:
நம் ஏழாம் வார்டு சத்தியதாஸ்,
மடியில் கடலைப் பொட்டலம், கண்ணில் தண்ணீர்.

நான் பேரூராட்சியில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
பத்தொன்பது வருஷம்.
‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று
தூக்கத்தில் கேட்டாலும் எழுதிவிடுவேன்.
படத்திலும் ஒரு கிளார்க் இருக்கிறாள்,
விமர்சனம் எழுதிய ஒருவரும் அவளைச் சொல்லவில்லை.
“எல்லாருக்கும் சம்மதம்தானே” என்கிறார் தலைவர்.
யாரும் வாய் திறக்கவில்லை.
அவள் பேனா ‘ஏக’ என்று இரண்டெழுத்தில் நிற்கிறது,
கேமரா அங்கேயே இருக்கிறது.
மின்விசிறி சுற்றுகிறது. ஒரு எறும்பு பேரேட்டின்மேல் நடக்கிறது.
நீ அப்போதுதான் போனை எடுத்தாய்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

திங்களன்று எங்கள் கூட்டம்.
சந்தைக் குத்தகை,
பழைய ஆளுக்கே, பழைய தொகைக்கே.
“எல்லாருக்கும் சம்மதம்தானே.”
எழுதத் தொடங்கினேன்.
சத்தியதாஸ் இருமினார்.
சளி இருமல் இல்லை.
தலைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்,
அவர் வாங்கவில்லை.
மூன்றாம் வார்டு புஷ்பலீலா, அவருக்கு ஜென்மவிரோதி,
சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு
அவளும் ஒருதரம் இருமினாள்.

தீர்மானம் நிறைவேறத்தான் செய்தது, பொய் சொல்லமாட்டேன்.
குத்தகை பழைய ஆளுக்குத்தான்.
குறிப்பேட்டில் ‘நிறைவேற்றப்பட்டது’ என்பதற்கு முன்னால்
ஒரு சொல் அளவு இடம் வெறுமையாய்க் கிடக்கிறது.
தணிக்கைக்காரர் வந்தால் கேட்பார்.
என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.

சரி, பாட்டு மோசம்தான்.
அதை நான் எப்போதாவது மறுத்தேனா?